சோலை வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகுமா?

காணிப் பிணக்குகள் பற்றி எழுதுவதற்காக வடக்கில் ஆட்களைச் சந்திக்கும்போது, அதிகமானோர் என்னிடம் முதலில் எடுத்துக் காட்டுவது சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டைத்தான். “இருபது வருசமா நான்தான் கட்டுறன், சபையின்ர பதிவிலயும் என்ர பேர்தான் இருக்கு” என்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களோ, “வரியை வேற ஆள் கட்டினால் காணி அவருக்குப் போயிடுமோ?” என்று கேட்பார்கள். முதலாமவரின் நம்பிக்கைக்கும் இரண்டாமவரின் பயத்துக்கும் அடிப்படை ஒன்றே: வரிப் பதிவேட்டை உரிமைப் பதிவேடாக எண்ணிக்கொள்வது.

சோலை வரி என்றும் ஆதன வரி என்றும் நாம் சொல்வது உள்ளூராட்சி மன்றங்கள் அசையா ஆதனங்கள்மீது விதிக்கும் வரி. மாநகர சபைகளுக்கு 1947 இன் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939 இன் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டமும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. ஆதனத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகையே அதன் வருடாந்தப் பெறுமதி. அதில் ஒரு வீதம் வரியாகிறது. பெறுமதி 60,000 ரூபா, வரி 5 வீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,000 ரூபா. ஜனவரி 31 இற்கு முன் முழுவதையும் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். 2,700 ரூபா கட்டினால் போதும்.

இந்தக் கணக்கில் உரிமையாளர் யார் என்ற விசாரணை எங்கும் இல்லை. வரி ஆதனத்தின்மீது விழுகிறது. சபைக்குத் தேவை அறிவித்தல் அனுப்ப ஒரு பெயரும், பணம் கட்ட ஓர் ஆளும். பெயர் மாற்றத்துக்கு உறுதியின் பிரதியைக் கேட்டாலும், அந்த உறுதி செல்லுமா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

காணி கைமாறுவதற்கான விதி வேறு. 1840 இன் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நடக்க வேண்டும். பின்னர் அது காணிப் பதிவகத்தில் பதியப்படுகிறது. பற்றுச்சீட்டை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவருவது பெரும்பாலும் வீடு கட்ட அனுமதி கேட்கும்போதோ, வங்கியில் கடன் கேட்கும்போதோதான்.

அப்படியென்றால் இருபது வருடப் பற்றுச்சீட்டுகளால் பயனே இல்லையா? உண்டு. 1871 இன் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றை இடையூறின்றித் தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுகள், உரிமையாளருக்கு எதிராகவோ அவரைச் சாராமலோ ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். அத்தகைய வழக்கில் பற்றுச்சீட்டு ஒரு சான்று. ஆனால் அது தனித்து நிற்காது. வேலி அடைத்தது, பயிர் செய்தது, வீடு கட்டியது, அயலவரின் சாட்சியம் எல்லாம் சேர்ந்தே ஆட்சியை நிரூபிக்க வேண்டும்.

யாராக உள்ளே வந்தார் என்பதும் முக்கியம். பார்த்துக்கொள்ளச் சொல்லி இருத்தப்பட்டவரும் வாடகைக்கு இருந்தவரும் காலம் கடந்ததால் மட்டும் உரிமையாளராவதில்லை. உரிமையாளரை எதிர்த்து ஆளத் தொடங்கியதை அவர்கள் வெளிப்படையான செயலால் காட்ட வேண்டும். பங்காளிகளுக்கும் இதுவே விதி. ஒரு பங்காளியின் ஆட்சி மற்றவர்களுக்குமான ஆட்சியே என்பதை, கொறயா எதிர் இஸேரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிட்டது. ஊரில் இருக்கும் சகோதரர் வரி கட்டினார் என்பதற்காக கனடாவில் இருக்கும் சகோதரியின் பங்கு இல்லாமல் போகாது. அரச காணிக்கோ ஆட்சியுரிமையே கிடையாது; எத்தனை வருடம் வரி கட்டினாலும் அரசுக்கு எதிராக அது ஓடாது.

போர் இந்தக் கணக்கைக் குழப்பியது. இடம்பெயர்ந்தவர்களின் காணியில் வேறொருவர் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டால் என்ன செய்வது? 2016 இன் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் அதற்காகவே வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தமது உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக, அந்தக் காலத்தைக் கணக்கிலெடுக்க முடியாது என்றது. ஆனால் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசமே தரப்பட்டது. அடையாள அட்டையையே புதிதாக எடுக்க அலைந்த குடும்பங்களுக்கு அது போதுமான காலம் அல்ல என்பது என் கருத்து.

ஆகவே, பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் காணிப் பதிவகத்தில் அந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பராமரிப்பவருடன் எழுத்தில் உடன்படிக்கை செய்யுங்கள்; வரியை உங்கள் பெயரிலேயே கட்டச் செய்யுங்கள். பதிவேட்டில் பெயர் மாறியிருந்தால், எந்த ஆவணத்தின் அடிப்படையில் மாற்றப்பட்டது என்று 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சபைகள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. “இது உரிமைக்கான அத்தாட்சி அல்ல” என்ற ஒரு வரியைப் பற்றுச்சீட்டில் தெளிவான தமிழில் அச்சிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.