குறட்டை நின்றால் போதுமா?

பக்கத்தில் படுப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது மட்டுமே குறட்டையின் குற்றம் என்று நினைப்பதால், சத்தம் நின்றதும் வைத்தியம் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். பல் மருத்துவர்கள் செய்து தரும் குறட்டைக் கருவியைப் பொறுத்தவரை இந்த நினைப்பு ஆபத்தானது.

தூங்கும்போது தசைகள் தளர்ந்து நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. குறுகிய வழியில் காற்று அதிர்ந்து போனால் குறட்டை. வழி அடைபட்டு 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஸ்லீப் ஏப்னியா. மேல்பல் வரிசையிலும் கீழ்வரிசையிலும் மாட்டும் இந்தக் கருவி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்குப் பிடித்து வைக்கிறது. நாக்கும் கூடவே வருவதால் வழி திறக்கிறது.

ஆனால், சத்தம் அடங்குகிற அளவுக்கு வழி திறந்தும் மூச்சுத் தடை தொடரலாம். ரத்த அழுத்தம் ஏறுவது, வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது எல்லாம் அப்படியே இருக்கும். வீட்டில் எச்சரிக்க இருந்த ஒரே மணியும் ஓய்ந்திருக்கும். அதனால்தான் கருவிக்கு முன் ஒரு தூக்கப் பரிசோதனை, பொருத்திச் சரிசெய்த பின் கருவியோடு இன்னொன்று. மணிக்கு 5 முதல் 15 தடவைக்குள் தடை என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கடுமை. கடுமையானவர்களுக்குக் காற்றழுத்தம் தரும் சிபாப் இயந்திரமே முதல் தேர்வு. முகமூடியோடு தூங்கவே முடியாதவருக்கு, ஒன்றும் இல்லாததற்குக் கருவி எவ்வளவோ மேல். மூளையின் கட்டளை தவறுவதால் மூச்சு நிற்கும் வகைக்கு இந்தக் கருவி உதவாது.

வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ஆன்லைன் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல்லின் அளவெடுத்துச் செய்ததும், தாடையைச் சிறிது சிறிதாக முன்நகர்த்தக்கூடியதும்தான் வேண்டும். ஆடும் பற்கள், ஈறு நோய், தாடை மூட்டு வலி இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும், பெரும்பாலும் பழகிவிடும். ஆண்டுக் கணக்கில் போட்டால் பற்கள் நகர்ந்து கடி மாறலாம், கழற்றினாலும் அது பழையபடி திரும்பாமல் போகலாம். இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்வது மருத்துவரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகாது. பரிசோதனையே இல்லாமல் கருவியைத் தலையில் கட்டுவதும், பக்கவிளைவை மறைப்பதும் கேள்விக்குரியவை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. தொழில் ஒழுக்கம் பற்றிய புகாரை மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். எங்கே போனாலும் ரசீதும் இரண்டு பரிசோதனை அறிக்கைகளும் கையில் இருக்கட்டும்.