விளையாடும் பள்ளி – 9: அரைக்கட்டை, முழுக்கட்டை

மழலையர் பள்ளியைத் தோற்றுவித்த ஜெர்மானியர் ஃபிரோபெலையும், 1851இல் பிரஷ்ய அரசு அவருடைய மழலையர் பள்ளிகளுக்குப் போட்ட தடையையும் போன வாரம் பார்த்தோம். விடாமல் படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. இந்த வாரம் மணலும் தண்ணீரும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் என்னை விடுவதாயில்லை.

நியூயார்க்கில் கரோலின் பிராட் என்று ஓர் ஆசிரியை. மரவேலை கற்றவர். 1914இல் கிரீனிச் வில்லேஜில் அவர் தொடங்கிய விளையாட்டுப் பள்ளிதான் இன்று ‘சிட்டி அண்ட் கன்ட்ரி ஸ்கூல்’ என்ற பெயரில் நடக்கிறது. அவர் வடிவமைத்த மரக்கட்டையின் அளவைப் பாருங்கள்: கனம் 1⅜ அங்குலம், அகலம் 2¾, நீளம் 5½. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு! அடுத்த கட்டை 11 அங்குல நீளம், அதற்கடுத்தது 22. அரைக்கட்டை இரண்டைச் சேர்த்தால் ஒரு முழுக்கட்டை. பெயின்ட் கிடையாது, படம் கிடையாது, எழுத்தும் கிடையாது. வழவழவென்று இழைத்த வெறும் மரம். இதைப் படித்ததிலிருந்து தீப்பெட்டி, செங்கல் என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பேட்டி ஸ்மித் ஹில்லின் வகுப்பில் குழந்தைகள் கட்டை அடுக்கி விளையாடியதைப் பார்த்துத்தான் பிராட்டுக்கு இதில் ஆசை வந்தது. யார் இந்த ஹில்? கேக் வெட்டும்போது பாடுகிறோமே, அந்தப் பிறந்தநாள் பாட்டின் மெட்டு ஹில்லும் அவருடைய அக்கா மில்ட்ரெடும் உருவாக்கிய ஒரு பாட்டிலிருந்து வந்தது. மழலையர் வகுப்பில் காலை வணக்கம் சொல்வதற்கான பாட்டு அது, 1893இல் அச்சானது. சரி, கட்டைக்கு வருவோம்.

குழந்தைகள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று நியூயார்க்கில் நர்சரி பள்ளி நடத்திய ஹாரியட் ஜான்சன் கூர்ந்து கவனித்து, 1933இல் எழுதி வெளியிட்டார். முதலில் குழந்தை கட்டவே கட்டாது. கட்டையைத் தூக்கிக்கொண்டு அலையும். பிறகு அடுக்கும், வரிசையாக வைக்கும். அப்புறம் பாலம். இரண்டு கட்டைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்தப் பார்க்கும். எட்டாது, விழும். மறுபடி அதே கட்டை, மறுபடி விழும். ஒன்று, தூண்களை நெருக்க வேண்டும். இல்லையென்றால் நீளக்கட்டையைத் தேட வேண்டும். பக்கத்தில் நிற்கும் டீச்சர் கை நீட்டிவிட்டால் அந்தப் பாடம் டீச்சருக்குப் போய்விடும்.

இன்னும் கொஞ்ச நாளில், 22 அங்குலக் கட்டை தீர்ந்துபோனால் இரண்டு 11 அங்குலக் கட்டைகளை இணைத்து வைக்கத் தெரிந்துவிடும். பக்கத்துப் பிள்ளையோடு நீளக்கட்டைக்காகப் பேரம் பேசவும் வந்துவிடும். கொத்தனாருக்கு அரைக்கல்லும் முக்கால்கல்லும் கைக்கணக்கில் இருப்பதுபோல, அந்தப் பிள்ளைக்குப் பின்னம் கையில் இருக்கிறது. கரும்பலகையில் அது பிற்பாடு வரட்டுமே.

மணலும் தண்ணீரும் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கும் முன் கட்டைகள் இருக்கும் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். மூலைகள் தேய்ந்திருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கண்ணாடிக் கதவுக்குள் பளபளவென்று இருந்தால், வேறு பள்ளியைப் பாருங்கள்.