அழியாத ஏடும் மாறும் பெட்டியும்

நான் பாத்திர வியாபாரி. கல்லூரியில் கணினி படித்தவனல்லன். ஆயினும் ஒரு கணக்குப் பிசகு, அறுபது வயதுக்கு மேல் என்னை அந்தப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. நம் சங்கக் குடும்பங்களில் பல பிள்ளைகள் இத்துறையில் இருப்பதால், அறிந்ததை இங்கே சொல்லத் துணிந்தேன்.

எங்கள் கடையில் பில் போட இரண்டு மேசை. ஒரு வருஷம் சரக்கு இருப்பு எடுத்தபோது கணினி 15 குடம் என்றது. அலமாரியில் 12 தான். மூன்று குடம் எங்கே போச்சு? கடைப் பையன் மேல் சந்தேகப்பட்டேன். அவன் கண் கலங்கி நின்றான்.

பழைய பில்களைப் புரட்டியபோது விஷயம் தெரிந்தது. இருப்பு 20 ஆக இருந்த ஒரே நிமிஷத்தில் ஒரு மேசை 3 குடமும் மற்றது 5 குடமும் விற்றிருக்கின்றன. இரண்டும் 20 என்றே படித்தன. ஒன்று 17 என எழுத, அடுத்தது அதன் மேலேயே 15 என எழுதிவிட்டது. மூன்று குட விற்பனை கணக்கிலிருந்தே மறைந்தது. இப்படி ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைத்தான் 'இழைகள்' (த்ரெட்) என்கிறார்கள்.

"சார்பு நிரல்மொழியில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்றார் ஓர் இளைஞர். அது பாதி உண்மை. அப்படிப்பட்ட மொழிகளுள் ஒன்று ஹாஸ்கெல். அதன் முதல் வரையறை 1990இல் வந்தது. அதில் ஒரு மதிப்பை உண்டாக்கினால் அது மாறாது. சிட்டையில் எழுதியதை அழிக்காதே, எதிர்ப்பதிவு போடு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது மாதிரி. 20 என்பது 20 ஆகவே இருக்கும். 17 என்பது புது ஏடு. மாறாத ஏட்டை எத்தனை பேர் படித்தாலும் கெடுதல் இல்லை.

ஆனால் 'இப்போது நடப்பு ஏடு எது?' என்று காட்ட மாறும் பெட்டி ஒன்று வேண்டுமே! ஹாஸ்கெலில் அதற்கு 'ஐஓரெஃப்' என்று பெயர். அதைப் படித்து, கழித்து, தனியாக எழுதினால் பழைய தப்பு அப்படியே வரும். 'மாடிஃபை ஐஓரெஃப்' என்ற கட்டளையும் உள்ளுக்குள் படிப்பு, எழுத்து என இரண்டு படிதான். 'அட்டாமிக் மாடிஃபை ஐஓரெஃப்' என்பதோ இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே படியாகச் செய்யும். அதில் இருப்பு சரியாக 12 என நிற்கும்.

கிடங்கிலிருந்து கடைக்கு 5 குடம் மாற்றினால்? அங்கே பெட்டி இரண்டு. ஒன்றில் கழித்து மற்றதில் கூட்டுவதற்குள் யாராவது பார்த்தால் 5 குடம் காணாமற்போனதாகத் தெரியும். இதற்கு 2005இல் ஹாரிஸ், மார்லோ, பெய்ட்டன் ஜோன்ஸ், ஹெர்லிஹி ஆகிய நால்வர் ஹாஸ்கெலுக்கு 'எஸ்டிஎம்' என்ற முறையை அளித்தனர். முழு மாற்றத்தையும் முதலில் வரைவுத்தாளில் போட்டு, படித்த இருப்பு இடையில் மாறவில்லை என்றால் மட்டும் ஒருசேரப் பதியும். மாறியிருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி செய்யும். மறுபடி செய்வதால் நடுவே பில் அச்சிட்டால் இரண்டு பில் வந்துவிடும் அல்லவா? அதனால் அத்தகைய வேலையை அதற்குள் வைக்க அம்மொழியின் வகை விதிகள் சாதாரணமாக இடம் தருவதில்லை.

ஆகவே மொழியின் பெயரை நம்பிச் சும்மா இருக்கலாகாது. மாறும் பெட்டி எது, அதை எத்தனை கை தொடுகிறது, படிப்பதும் எழுதுவதும் ஒரே படியா என்று நம் பிள்ளைகள் கேட்டுப் பழக வேண்டும்.

அந்தப் பையனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை முதலாளி" என்றான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.