பழைய லாரிக்கு ஏசி போட முடியுமா?

2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகிற நடுத்தர, கனரக லாரி எல்லாத்துக்கும் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம். சட்டத்தோட பாஷையில் என்2, என்3 வகை. அதாவது மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டுற சரக்கு வண்டிகள். 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு இதுக்கான அறிவிக்கையை வெளியிட்டுடுச்சு. ஆனா சட்டம் பேசுறது புது வண்டியைப் பத்தி மட்டும்தான். ஏற்கெனவே ரோட்டில் ஓடுறதுக்கு அது பொருந்தாது.

பூந்தமல்லி பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் நின்னுக்கிட்டிருந்தப்போ ஒரு பெரியவர் இதைத்தான் கேட்டார். "புது வண்டிக்குக் கம்பெனிக்காரன் போட்டுக் குடுக்கிறான். என் வண்டிக்கு நானே போட்டுக்கலாமா தம்பி?" அவர்கிட்ட இருக்கிறது எழுபதுகளின் கடைசியில் வந்த, மூக்கு நீண்ட டாடா. பெங்களூர் ரோட்டில் எத்தனையோ வருஷம் ஓட்டின வண்டி. இப்பவும் பக்கத்து ஊர்களுக்கு அவரே லோடு அடிக்கிறார். வயசு அறுபதைத் தாண்டிடுச்சு, கத்திரி வெயில் தாங்கலை.

"போடலாம்"னு சட்டுனு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டப்புறம்தான், எவ்வளவு அவசரப்பட்டுட்டேன்னு புரிஞ்சது.

அந்த வண்டியோட வம்சத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். டெல்கோவும் டெய்ம்லர்-பென்ஸும் 1954-ல் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1969-ல் ஒப்பந்தம் முடிஞ்சதும் முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் 'டி' வந்தது. நம்ம ஊரில் அதுக்குப் போட்டி எண்ணூர் லேலண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு, 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. ரெண்டு கம்பெனியுமே அந்தக் காலத்தில் பெரும்பாலும் வித்தது சேசிஸைத்தான். எஞ்சின், சட்டம், சக்கரம், முன்பக்கத் தகடு, அவ்வளவுதான். கேபினை நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மாதிரி ஊர்களில் மரச்சட்டம் அடிச்சு, தகடு போர்த்திக் கட்டுவாங்க. ஒவ்வொரு கேபினும் ஒரு அளவு. ஏசி விஷயத்தில் தலைவலியே இங்கதான் ஆரம்பிக்குது.

உச்சி வெயிலில் ஓடுற அந்தக் கேபினுக்குள்ள எவ்வளவு வெப்பம் வருது? என்னோட தோராயக் கணக்கு இது. கூரைத் தகடு சுமார் 3 சதுர மீட்டர். வெயிலில் அது 70 டிகிரியைத் தொடும். அடியில் ஒண்ணும் இல்லைன்னா 800 வாட் உள்ளே இறங்கும். முன் கண்ணாடி வழியா ஒரு 600 வாட். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் இருக்கிற தகடு ஒரு 550. டிரைவர், கிளீனர், கூட ஒருத்தர், மூணு பேர் உடம்புச் சூடு 350. இதுவரை கூட்டினா 2300 வாட்.

ஓட்டை வழியா வர்ற காத்து இந்தக் கணக்கில் இன்னும் சேரலை. பெடல் மூணும் தரையில் நீளமான வெட்டு வழியாத்தான் மேல வருது. கியர் கம்பியைச் சுத்தி இருந்த ரப்பர் எப்பவோ கிழிஞ்சாச்சு. ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு வெட்டு, ஒயர் போக நாலு துளை, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போற இடைவெளி. வண்டி ஓடுறப்போ இது வழியா நொடிக்கு 50 லிட்டர் காத்து வருதுன்னு வெச்சுக்குவோம். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், நம்ம ஊர் மே மாசம். அந்தக் காத்தை 26 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் 2200 வாட் வேணும். மத்த எல்லா வெப்பத்தையும் கூட்டினா எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு இந்த ஒண்ணுக்கே போகுது. அதிலும் மூணில் ரெண்டு பங்கு காத்தைக் குளிரவைக்கச் செலவாகலை. அதில் இருக்கிற ஈரத்தைத் தண்ணியா மாத்தத்தான் செலவாகுது. கூலிங் காயிலில் இருந்து சொட்டுதே, அந்தத் தண்ணி.

(நாக்பூர் பக்கம் வெயில் அதிகம், ஈரம் குறைவு. அங்க வெட்டிவேர்த் தட்டியில் தண்ணி தெளிச்சாலே பாதி ஏசி. அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலும் ஐம்பதுகளில் கார் ஜன்னலில் இப்படி ஒரு தண்ணி டப்பா மாட்டிக்கிட்டுப் போனாங்க. பூந்தமல்லியில் அதை மாட்டினா கேபின் இட்லிப் பானை ஆயிடும்.)

மொத்தம் 4500 வாட். ஒரு டன் ஏசின்னா 3500 வாட். சின்னக் காரில் இருந்து கழட்டின ஏசி ஏறக்குறைய ஒரு டன்தான் தரும். அதை அப்படியே மாட்டினா நாள் முழுக்கக் கம்ப்ரசர் ஓடும், பெல்ட் தேயும், டீசல் போகும், கேபின் குளிராது. அப்புறம் "பழைய வண்டிக்கு ஏசி எடுக்காது"ன்னு ஒரு தீர்ப்பு.

இப்போ கணக்கைத் திருப்பிப் போடுவோம். கூரைக்கு அடியில் ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டி, பிளைவுட் அடிச்சா 800 வாட் 250 ஆகும். வெளியே வெள்ளை பெயிண்ட் அடிச்சா இன்னும் குறையும். எஞ்சின் பக்கத் தகட்டுக்கு வெப்பம் தாங்குற கம்பளி, மேல அலுமினியத் தாள் போட்டா 550 வாட் 200 ஆகும். பெடலுக்கு ரப்பர் உறை, கதவைச் சுத்திப் பீடிங் போட்டுக் காத்தை நொடிக்கு 20 லிட்டராக் குறைச்சா 2200 வாட் 900 ஆகும். அதுக்கும் கீழே போக வேணாம், மூணு பேர் மூச்சு விடணும். கண்ணாடியும் உடம்புச் சூடும் அப்படியே இருக்கட்டும். மொத்தம் 2300 வாட், ஏறக்குறைய பாதி. முக்கால் டன் போதும். இதுவரை ஏசிக்குன்னு ஒரு ஸ்பானர்கூட எடுக்கலை.

பெடல் ஓட்டையை அடைக்கிறதுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. பழைய எஞ்சினில் சைலன்சர் குழாய் சேர்ற இடத்தில் புகை கசியும். ஜன்னல் திறந்து ஓட்டுறவரைக்கும் அது தெரியாது. ஏசி போட்டு ஜன்னலை ஏத்தினதும் அதே புகை தரை ஓட்டை வழியா உள்ளே வந்து சுத்திக்கிட்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டீசலில் அது பெட்ரோலைவிடக் குறைவுங்கிறது உண்மைதான், ஆனா எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குறவங்களுக்கு அதை நம்பி உறுதி குடுக்க முடியாது. டிரைவருக்கு ஏசி அதிகமாத் தேவைப்படுறதே தூங்குறப்போதானே. அதனால கேஸ்கட் மாத்தி, புகைக் குழாயைச் சரிபார்த்து, தரையை அடைச்சப்புறம்தான் ஏசி. இதில் மட்டும் நான் பிடிவாதமா இருப்பேன்.

சரி, இனி மாட்டலாம். கம்ப்ரசர் இழுக்கிறது மூணு குதிரைத் திறன் மாதிரி. நூறு சொச்சம் குதிரைத் திறன் எஞ்சினுக்கு அது ஒரு பாரமே இல்லை. சிக்கல் வேகத்தில் இருக்கு. கார் கம்ப்ரசர் வேகமாச் சுத்துற பெட்ரோல் எஞ்சினுக்காகச் செஞ்சது. இந்த டீசல் ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 500, 600 சுத்துதான் சுத்தும். கார் புல்லியை அப்படியே போட்டா சிக்னலில் நிக்கிறப்போ காத்து மட்டும்தான் வரும். கம்ப்ரசர் எஞ்சினைவிட ரெண்டு மடங்கு வேகமாச் சுத்துற மாதிரி லேத்தில் புல்லி கடையணும்.

அடுத்தது கரன்ட். வண்டியில் டைனமோ இருந்தா மாத்தி ஆல்டர்னேட்டர் போட்டே ஆகணும். டைனமோ மெதுவாச் சுத்துறப்போ ஒண்ணும் தராது. ஊதுற ஃபேன், கண்டென்சர் ஃபேன், கிளட்ச் எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல கேட்கும். வண்டி 24 வோல்ட்டா இருந்தா கிளட்ச் காயிலும் மோட்டாரும் 24-க்கு வாங்கணும். புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குறப்போ இதைத்தான் பலர் கோட்டை விடறாங்க.

கண்டென்சரை ரேடியேட்டர் முன்னாடி வைக்கிறது எல்லாரும் செய்யற வழி. ஆனா பழைய ரேடியேட்டர் பாதி உப்பு அடைச்சுக் கிடக்கும், கண்டென்சரில் சூடான காத்துதான் அதுக்குக் கிடைக்கும். லோடு ஏத்தி மேட்டில் போறப்போ கொதிச்சிடும். கேபின் கூரை மேல தனி ஃபேனோட வைக்கிறதுதான் என் விருப்பம். பார்க்க நல்லா இருக்காது.

அதுக்குப் பெரியவர், "வண்டியைக் கழட்டினா பழைய மாதிரி ஆகணும்"னார். சரியான கேள்வி. 2021-ல் வந்த வின்டேஜ் வண்டி விதியின்படி, ஐம்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றமில்லாம இருக்கிற வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனா அது இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும் மட்டும். லாரிக்கு அந்த மரியாதை கிடையாது. அதனால சட்டத்துக்காக இல்லைன்னாலும் அவர் மனசுக்காக, எல்லாத்தையும் போல்ட்டில் மாட்டுற பிராக்கெட்டா செய்யலாம். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்குற கூலிங் காயில் பெட்டி போதும். சட்டத்தில் வெல்டிங் வேணாம். எஃப்.சி.க்குப் போறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது. வண்டியில் எதை மாத்தினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கேள்வி கேட்கும்.

ராத்திரித் தூக்கத்துக்கு இது உதவாது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டா மணிக்கு ரெண்டு லிட்டர் டீசல் போகும். எட்டு மணி நேரத்துக்கு 16 லிட்டர், லிட்டர் 92 ரூபாய்னு போட்டாலும் 1400 ரூபாய்க்கு மேல. அதைவிட ஒரு லாட்ஜ் ரூம் மலிவு. பேட்டரியில் ஓடுற கூரை ஏசி உண்டு. 600 வாட் இழுக்கிற ஒண்ணை, 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ரெண்டை வெச்சு ஓட்டினா, பாதிக்கு மேல காலி பண்ணாம மூணு மணி நேரம் வரும். மதியத் தூக்கத்துக்கு அது போதும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன். பெரியவர் கூட்டல் கழித்தலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஏசி தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம். முதல்ல இந்த ஓட்டையை அடைப்போம்"னு சொல்லிட்டு டிங்கர்காரரைக் கூப்பிட்டார். அன்னைக்கு அந்த வண்டி ஏத்திக்கிட்டு நின்ன லோடு ஸ்ரீபெரும்புதூரில் இருந்து வந்த ஃபிரிட்ஜ்.