தலைகீழ் மீனும் இரண்டு உபரி இரவுகளும்

ஈஸ்டர் தீவின் மர்ம எழுத்தான ரோங்கோரோங்கோ ஐரோப்பியர் வருகைக்கு முந்தையது என்று 2024இல் செய்திகள் வந்தன. ரோமில் உள்ள நான்கு ரோங்கோரோங்கோ பலகைகளைக் கார்பன் கணிப்புக்கு உட்படுத்தியதில், ஒன்றின் மரம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஐரோப்பியர் அங்கே கால் வைத்தது 1722இல். சந்தோஷம்தான். ஆனால் கணித்தது மரத்தின் வயதைத்தான். பழைய மரத்தில் பிற்காலத்தில் செதுக்க யார் தடை? மற்ற மூன்று பலகைகளும் 19ஆம் நூற்றாண்டு மரங்கள்.

அப்படியானால் எழுத்தைப் படித்துவிட்டார்களா? இல்லை. ஓரிடத்தில் மட்டும் எதைப் பற்றிய பேச்சு என்று தெரிகிறது.

வரலாற்றைச் சொல்லாமல் விட முடியாது. 1862-63இல் பெருவின் அடிமைக் கப்பல்கள் தீவுக்காரர்களைப் பிடித்துப் போயின. திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் அதோடு போனார்கள். எழுத்துள்ள பொருள்களில் இன்று மிஞ்சியவை ஏறக்குறைய இரண்டு டஜன். தீவில் ஒன்றுகூட இல்லை. தஹிதியின் பிஷப் ஜோசான், மெட்டோரோ என்ற தீவுக்காரரைப் படித்துக் காட்டச் சொன்னார். அவர் பாடியது பெரும்பாலும் கண்ணில் பட்ட உருவங்களின் வருணனை.

பொருள் தெரியும் அந்த ஓரிடம் இருப்பது ரோம் தொகுப்பிலேயே உள்ள ‘மாமரி’ பலகையில். பூவரச மரத்தில் செய்தது. ஆமாம், இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே பூவரசு. அதன் ஒரு பக்கத்தில், ஆறாவது வரியிலிருந்து ஒன்பதாவது வரிக்குள், பிறை பிறையாக வருகிறது. இது நிலாக் காலண்டர் என்று 1958இல் சொன்னவர் ஜெர்மானியர் தாமஸ் பார்தெல். நடுவே ஓர் உருவம், பௌர்ணமி: நிலவில் அடுப்பு மூட்டும் கிழவி என்கிறார்கள். அங்கங்கே ஒரே குறித்தொகுதி திரும்பத் திரும்ப வந்து இரவுகளை எட்டுக் குழுக்களாகப் பிரிக்கிறது. அதன் கடைசியில் தூண்டில் கயிற்றில் ஒரு மீன். பௌர்ணமிக்கு முந்தைய நான்கிலும் மீனின் தலை மேலே. பிந்தைய நான்கிலும் கீழே. இந்த எழுத்தில் ஒவ்வொரு வரி முடிந்ததும் பலகையையே தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதால், அப்படித் திருப்பிய பிறகும் மீன் கவிழ்ந்து கிடப்பது கைத்தவறாக இருக்க முடியாது. வளர்பிறை, தேய்பிறை.

1990இல் மொழியியலாளர் ழாக் கீ இன்னும் உள்ளே போனார். தீவில் பிற்பாடு சேகரித்த இரவுப் பெயர்களின்படி மாதத்துக்கு 28 இரவுகள்; மேலே இரண்டு உபரி. 28ஐச் சம்பளம் என்று வையுங்கள். உபரி இரண்டும் பாட்டி கடுகு டப்பாவில் ஒளித்த காசு. அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.53 நாள், ஆகவே டப்பாவில் ஒரு காசை மாதாமாதம் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவதில் கை வைப்பது எந்த மாதம்? செலவு இழுக்குமா என்று பாட்டி அரிசி டின்னை எட்டிப் பார்ப்பாள். தீவுக்காரர் நிலவைப் பார்த்திருப்பார். எட்டத்தில் இருக்கும் நிலவு மெதுவாக நகரும், மாதம் இழுக்கும்; நிலவு சிறிதாகவும் தெரியும். பௌர்ணமிக்கு ஆறு இரவு முன்னும் பின்னும் பொடியாகச் செதுக்கிய பிறைகள் ‘நிலவு சிறுத்திருக்கிறதா பார், சிறுத்திருந்தால் டப்பாவைத் திற’ என்ற குறிப்பு என்பது கீயின் ஊகம். அரிசி டின்னுக்குள் பாட்டி கையை விட்டும் பார்க்கலாம். நிலவுக்கு அந்த வசதி இல்லை.

அழகான ஊகம். எனக்குத்தான் இரண்டு இடறல். எட்டத்து நிலவுக்கும் கிட்டத்து நிலவுக்கும் விட்டத்தில் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு நிலவு கிடையாது. தவிர, மாதம் நன்றாக நீள்வது அமாவாசை எட்டத்தில் விழும்போது. அன்றைக்கு நிலவே கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் ஊகம் விழுந்தாலும் காலண்டர் விழாது. பிறைகளின் எண்ணிக்கையும் குழுவும் பெயர்ப் பட்டியலோடு பொருந்துகின்றன. ‘கொகோரே’ என்று எண்ணி அழைக்கும் இரவுகள் பலகையில் வெறும் பிறைகள்தான். எந்தக் குறிக்கு எந்த ஒலி என்று அவை சொல்வதில்லை. 1932இல் ஹெவெஷி என்பவர் இந்த எழுத்தையும் இதேபோல் படிக்கப்படாத சிந்துவெளி எழுத்தையும் உறவாக்கினார். இரண்டு பூட்டுகளை மோதித் திறக்கும் முயற்சி. இனி யாராவது ரோங்கோரோங்கோவை முழுதாகப் படித்துவிட்டேன் என்று வந்தால், மாமரியின் இந்த வரிகளை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். இரவுப் பெயர்கள் வரிசையாக வரவில்லை என்றால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.