காலையும் கம்ப்யூட்டர் பார்க்கட்டும்!

வி.ஆர். ஹெட்செட்டை முதன்முதலாக மாட்டிக் கொண்டதும் எல்லோரும் ஒரு முறை குனிந்து பார்ப்போம். கை இருக்கும்; கால் இருக்காது. இருந்தாலும் அது நம் கால் அல்ல. க்வெஸ்ட் போன்ற ஹெட்செட்டுகள் தலையையும் இரண்டு கைகளையும்தான் நேரடியாகக் கவனிக்கின்றன. கால்களை சாஃப்ட்வேர் யூகித்து வரைகிறது.

நான் இருப்பது ராயபுரத்தில். பாக்ஸிங் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பியும் நானும் ஞாயிறுதோறும் விஆர்சாட்டில் சந்தித்து, சிறு வயதில் வாத்தியார் கற்றுக் கொடுத்த அடிகளைப் பழகுகிறோம். "கை தெரியுதுண்ணே, நீ கால எங்க வெக்கிறன்னே தெரியலியே" என்று ஒரு நாள் அலுத்துக் கொண்டான். பாக்ஸிங்கில் பாதி ஆட்டம் காலில்தானே!

என்ன செய்யலாம் என்று பார்த்தேன். 2010-ல் வந்த கினெக்ட் கேமராவை இன்றும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முழு உடம்பும் அதன் கண்ணில் பட ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். என் அறை பத்துக்குப் பத்து. அதில் கட்டில், பீரோ வேறு. வைவ் டிராக்கர் 3.0 மிகத் துல்லியமானது. அதற்கு எதிரெதிர் மூலைகளில் உயரத்தில் பேஸ் ஸ்டேஷன்கள் மாட்ட வேண்டும். அவை அசையக் கூடாது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிரும் வீட்டில் நடக்கிற காரியமா? பீரோ கண்ணாடியின் பிரதிபலிப்பும் அதைக் குழப்பும்.

கடைசியில் ஸ்லைம்விஆர் வாங்கினேன். செல்போனில் இருப்பது போன்ற கைரோ சென்சார்தான் இதிலும். கேமராவும் வேண்டாம், இடமும் வேண்டாம். மார்பில் ஒன்று, தொடைகளில் இரண்டு, கணுக்காலுக்கு மேல் இரண்டு, ஆக குறைந்தது ஐந்து. ஹெட்செட்டிலேயே விஆர்சாட் ஓடுவதால், கம்ப்யூட்டரில் ஸ்லைம்விஆர் சர்வர் புரோகிராம் மட்டும் ஓடினால் போதும். நீங்கள் புதிதாக வாங்கிய சாதாரண கம்ப்யூட்டரே தாராளம். விஆர்சாட்டில் ஓ.எஸ்.சி. வசதியை ஆன் செய்ய மறக்காதீர்கள். ஹெட்செட், கம்ப்யூட்டர், டிராக்கர் எல்லாமே ஒரே வை-ஃபையில் இருக்க வேண்டும். டிராக்கருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் ஒத்து வரும்.

தொடை, முழங்கால் அளவுகளை இன்ச் டேப்பால் அளந்து கொடுங்கள். குத்துமதிப்பாகக் கொடுத்தால் கால் தரைக்கு மேலே மிதக்கும். ஆன் செய்ததும் சில விநாடிகள் டிராக்கர்களைத் தரையில் அசையாமல் வையுங்கள். லாரி போய் முடியட்டும்! பிறகு கட்டிக் கொண்டு, நேராக நின்று ரீசெட் கொடுங்கள்.

முதல் நாள் என் இடது கால் பீரோ பக்கம் போனாலே முறுக்கிக் கொண்டது. நான்தான் செட்டிங்கில் மேக்னெட்டோமீட்டரை ஆன் செய்து வைத்திருந்தேன். அது திசைகாட்டி மாதிரி. பக்கத்தில் இரும்பு இருந்தால் ஏமாந்து போகும். ஆஃப் செய்ததும் முறுக்கல் நின்றது. ஆனால் நேரம் ஆக ஆக திசை கொஞ்சம் விலகும். அப்போது நேராக நின்று மார்பு டிராக்கரை இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும்.

அடுத்த தொல்லை வியர்வை. மே மாதத்தில் எலாஸ்டிக் பெல்ட் பத்தே நிமிடத்தில் நழுவியது. இறுக்கினால் கால் மரத்துப் போகிறது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். வெறும் தோலில் கட்டாமல் காட்டன் ஷார்ட்ஸ் மேல் கட்டினேன், நின்றது. (லுங்கியில் முயற்சி செய்ய வேண்டாம். செய்து பார்த்துவிட்டேன்.) பெல்ட்டைத் தனியே கழற்றித் துவையுங்கள். டிராக்கரைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

குதிகால் தூக்குவது மட்டும் இந்த ஐந்தில் தெரியாது. பாதத்திற்குத் தனியாக இரண்டு வேண்டும். அதைத் தம்பியிடம் சொல்வதற்குள் அவனே, "முன்னங்கால இவ்ளோ அகலமா வெச்சா வாத்தியார் அடிப்பாருண்ணே" என்றான்.