படிக்க வந்த சேனாதிபதி

அசோக் நகர்க்காரர்களுக்கு ஒரு வசதி. வழி சொல்ல நான்கு சிங்கம் போதும். "பில்லர் தெரியுமில்ல, அங்க இறங்கி..." என்று ஆரம்பித்தால் கூரியர் பையனிலிருந்து கல்யாணப் பத்திரிகை கொண்டு வரும் சித்தப்பா வரை வந்து சேர்ந்துவிடுவார்கள். தூணுக்குப் பெயர் கொடுத்த மனுஷரைப் பற்றித்தான் சிக்னலில் நிற்கிற யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் செத்தார்கள், ஒன்றரை லட்சம் பேர் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்டார்கள், எனக்கு மனசு ஆறவில்லை என்று தன் குற்றப்பத்திரிகையைத் தானே பாறையில் வெட்டி வைத்த ராஜா அவர்.

எனக்கென்னவோ அந்தச் சிங்கங்களைப் பார்க்கும்போது இன்னொருத்தர் ஞாபகம்தான் வருகிறது. அவரும் போருக்குப் போனார். ஓர் ஊரையே தரைமட்டமாக்கினார். புகழின் உச்சியில் நிற்கும்போது வாளை வைத்துவிட்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் பாறையில் எதுவும் வெட்டவில்லை. பெயர் பரஞ்சோதி.

'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். கல்கி 1944 முதல் 1946 வரை தம் பத்திரிகையில் எழுதிய தொடர். ஆரம்பத்திலேயே கையில் வேலோடு காஞ்சிபுரத்துக்குள் நுழைகிறான் ஒரு சோழ நாட்டுப் பையன். எதற்கு? படிக்க! நாவுக்கரசர் மடத்தில் தமிழ், ஆயனரிடம் சிற்பம். இன்றைய பாஷையில் சொன்னால் அட்மிஷனுக்கு வந்த வெளியூர் கேஸ். வந்த அன்றைக்கே மதம் பிடித்த யானை மேல் வேலை வீசுகிறான். அதோடு படிப்பு அம்பேல்! அஜந்தா வர்ண ரகசியத்தைத் தெரிந்துகொண்டு வா என்று ஆயனர் வடக்கே அனுப்ப, போகிற வழியில் மாறுவேஷம் போட்ட மகேந்திர பல்லவர், சளுக்கர் படை, சிறை என்று என்னென்னவோ ஆகி, பையன் கடைசியில் படைத் தளபதியாகிவிடுகிறான். அட்மிஷன் ஃபாரம் நிரப்பாமலே கிடக்கிறது.

நம்மில் முக்கால்வாசிப் பேர் கதையும் இதுதானே ஸார்? கெமிஸ்ட்ரி படித்தவன் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிறான். எம்.ஏ. தமிழ் படிக்க ஆசைப்பட்ட நான் ஒரு கம்பெனியில் பாக்கி வசூல் லிஸ்ட் போட்டுக் கொண்டிருக்கிறேன். அதனால் பரஞ்சோதி மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

அந்தப் பாசத்துக்குக் கணக்குக் கேட்டவர் எங்கள் மாடி போர்ஷன் பெரியவர். ஆடிட் டிபார்ட்மெண்ட்டில் முப்பது வருஷம் பச்சை இங்க்கில் டிக் அடித்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போதுதான் எங்களுக்கு இலக்கிய விசாரமே.

"கல்கி ரொம்ப அழகா எழுதிட்டார் தம்பி. ஆனா வவுச்சர் வேற மாதிரி சொல்லுது" என்றார்.

"எந்த வவுச்சர் ஸார்?"

"பெரிய புராணம். எழுதினவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர்தான். போரூர் தாண்டினா குன்றத்தூர். சோழ ராஜாகிட்ட மந்திரியா இருந்தவர். அதனால சேக்கிழார் எழுதினதுல ஆபீஸ் நடைமுறை கரெக்டா இருக்கும். போய்ப் பார்."

பார்த்தேன். 12-ம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழாரின் பரஞ்சோதியார் படிக்க ஊர் விட்டு ஊர் போகிற ஆள் இல்லை. ஏற்கெனவே படித்து முடித்தவர்! திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் மரபில் பிறந்து, ஆயுர்வேதம் படித்து, வடமொழிக் கலைகள் படித்து, அதற்கப்புறம் ஆயுதப் பயிற்சி. யானை ஏற்றம், குதிரை ஏற்றம் இரண்டிலும் கெட்டி. இன்றைக்கு மேட்ரிமோனியல் பகுதியில் போட்டால் பெண் வீட்டார் க்யூவில் நிற்பார்கள்.

இதில் என்னை நிறுத்தியது ஆயுர்வேதம்தான். உயிரைப் பிடித்து வைக்கிற படிப்பு. அதைப் படித்த மனுஷர்தான் பல்லவ ராஜாவின் யானைப் படையோடு வடக்கே போய் வாதாபியைத் துகளாக்கிவிட்டு வருகிறார். கல்கிக்கு இது உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர் வைத்தியத்தைக் கதாநாயகனிடமிருந்து கழற்றி, திருவெண்காட்டு நமசிவாய வைத்தியர் என்று ஒரு மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். மருமகன் கையில் வேல், மாமா கையில் மருந்துப் பெட்டி. குழப்பமில்லாத ஏற்பாடு. சேக்கிழாரிடம் இரண்டும் ஒரே கையில் இருக்கிறது.

சரித்திரம் என்ன சொல்கிறது? வாதாபி என்பது கர்நாடகத்தில் இருக்கிற இன்றைய பாதாமி. காஞ்சியிலிருந்து 600 கிலோ மீட்டருக்கு மேல். முதலாம் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன், அதைப் பிடித்தது கி.பி. 642 வாக்கில். அதற்கு முன்னால் புலிகேசி தோற்ற போர்களில் ஒன்று நடந்த இடம் மணிமங்கலம். தாம்பரத்துக்கு மேற்கே, ப்ளாட் போட்டு விற்கிறார்களே, அதே மணிமங்கலம்தான்! காஞ்சிக்குப் பக்கத்துக் கூரம் கிராமத்தில் கிடைத்த செப்பேடு, ஓடுகிற புலிகேசியின் முதுகையே ஏடாக்கி மாமல்லன் வெற்றி என்று எழுதியதாக வர்ணிக்கிறது. பாதாமியிலேயே பாறையில் மாமல்லன் கல்வெட்டும் இருக்கிறது. சேனாபதிக்கு? கூரம் செப்பேட்டில் ஒரு வரி கிடையாது. வேலை செய்தவன் பெயர் ரிப்போர்ட்டில் வராத வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்.

பெரிய புராணத்தில் இதற்கு அடுத்து வருவதுதான் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம். யானைகளும் குதிரைகளும் மணிகளுமாகக் கொண்டு வந்து ராஜா முன்னால் குவிக்கிறார் பரஞ்சோதியார். ராஜாவுக்குத் தலை கால் புரியவில்லை. என்ன வீரம் என்று வியக்கிறார். பக்கத்தில் இருந்த மந்திரிகள், இவர் பெரிய சிவனடியார், அதனால்தான் எதிர்ப்பார் இல்லை என்று விவரம் சொல்கிறார்கள். ராஜா ஆடிப் போகிறார். ஓர் அடியாரைப் போய்க் கொலைக்களத்துக்கு அனுப்பிவிட்டேனே என்று பயந்து, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வணங்குகிறார். முதலாளி தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. ஆபீஸ் போகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அதற்கு சேனாபதி சொல்லும் பதில் இருக்கிறதே... என் முறைக்கு உரிய வேலையைச் செய்தேன், அதிலென்ன தீங்கு என்கிறார். அவ்வளவுதான். அழவில்லை. எரிந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராஜா கை நிறையப் பொருள் கொடுத்து, இனி உங்கள் தொண்டு உங்களுக்கு என்று விடுவிக்கிறார். இவராக ராஜினாமா எழுதிக் கொடுக்கவில்லை. ராஜாவாகப் பார்த்துக் கொடுத்த கோல்டன் ஹேண்ட்ஷேக்.

"அசோகர் மாதிரி வருத்தப்பட்டார்னு எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார் மாடிப் பெரியவர்.

"இல்ல ஸார்."

"அப்ப வருத்தம் எந்த ஹெட்ல வந்துது?"

கல்கியின் ஹெட்டில். பற்றி எரிகிற வாதாபியையும் ஜனங்களின் ஓலத்தையும் கண்டு மனசு உடைந்து வாளை விடுகிறவர் கல்கியின் பரஞ்சோதி. அந்தத் தொடர் வந்த வருஷங்களைப் பாருங்கள். 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு திரும்பி வந்திருந்தது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா. எழுதியவரோ 1921-ல் காந்தி கூப்பிட்டார் என்று பள்ளிப் படிப்பை உதறிவிட்டு வந்த மனிதர். அவரால் ஓர் ஊரை எரித்தவனை வருத்தப்படாமல் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அசோகரின் மனசை எடுத்து சேக்கிழாரின் சேனாபதிக்கு வைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிக்கிற நமக்கும் அது நிம்மதியாக இருந்தது.

போகட்டும், வாதாபி கணபதி? அந்தப் பிள்ளையாரை அங்கிருந்து கொண்டு வந்தவர் இவர்தான் என்று கதாகாலட்சேபத்திலிருந்து கச்சேரி மேடை வரை சொல்வார்கள். சேக்கிழார் கொடுத்த பட்டியலில் மணி உண்டு, யானை உண்டு, குதிரை உண்டு. பிள்ளையார் இல்லை. "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என்ட்ரி இல்லப்பா" என்று சிரித்தார் பெரியவர். அது பிற்பாடு வந்த செவிவழிச் செய்தி.

ஊர் திரும்பியவர் பெயர் மாறுகிறது. சிறுத்தொண்டர். அடியார்கள் முன்னால் அவ்வளவு சின்னவராக நடந்துகொண்டாராம். இது கற்பனை ஆள் என்று தள்ளவும் முடியாது. அதே காலத்து ஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிக்கு வந்து பாடிய பதிகத்திலேயே சிறுத்தொண்டர் பெயர் வருகிறது. மனைவி திருவெண்காட்டு நங்கை, பிள்ளை சீராளன், சமையலுக்கு உதவியாகச் சந்தன நங்கை. தினமும் ஓர் அடியாருக்காவது சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வீட்டில் சாப்பாடு. ஒரு நாள் தவறவில்லை. 600 கிலோ மீட்டருக்கு யானைக்கும் ஆளுக்கும் தீனி கொண்டு போனவர், அந்த ஒழுங்கை அப்படியே அடுப்படிக்கு மாற்றிக்கொண்டார் போலும்.

பிறகு பைரவர் வருகிறார். மேற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைக் கறி. ஒரே பிள்ளையாக இருக்கணும், அம்மா பிடிக்க அப்பா அறுக்கணும், இரண்டு பேரும் மனசார செய்யணும். சின்ன வயசில் பாட்டி இதைச் சொல்லும்போது பைரவர் மேல்தான் எனக்குக் கோபம் வரும். இப்போது அந்தக் கோபம் அவ்வளவு சுலபமாக அவர் பக்கம் போவதில்லை. கேட்டவர் கேட்டார்; கேட்டதும் இவர் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லையே? ராஜா வாதாபி என்றார், முடித்துக் கொடுத்தார். பைரவர் பிள்ளை என்றார், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஆமாம், பள்ளிக்கூடத்துக்கு. சீராளன் அப்போது பாடம் படித்துக் கொண்டிருந்தான். அப்பா வந்ததைப் பார்த்து ஓடி வருகிறான். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டில் அடுத்து நடந்ததில்கூட எவ்வளவு ஒழுங்கு என்று பாருங்கள். தலைக்கறி விருந்துக்கு ஆகாது என்று ஒதுக்கி வைக்கிறார்கள். பைரவர் அதையும் கேட்கிறார். கணவனும் மனைவியும் திகைத்து நிற்க, கேட்டாலும் கேட்பார் என்று அதையும் ஏற்கெனவே பக்குவம் பண்ணி வைத்துவிட்டேன் என்கிறாள் சந்தன நங்கை. இந்த இடத்தைப் படித்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறு ஞாயிறு லாரி வரத் தாமதம். மாடிப் பெரியவரிடம் கேட்டேன்.

"இவ்வளவு படிச்சவர் ஸார். ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. குடத்தை ஒரு காலால் நகர்த்தினார். "முப்பது வருஷத்துல நானும் எத்தனையோ ஃபைல்ல சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன் தம்பி" என்றார். பேச்சு அதோடு நின்றுவிட்டது. லாரியும் வந்துவிட்டது.

சேக்கிழார் கதையைச் சோகமாக முடிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிடு, சேர்ந்து சாப்பிடலாம் என்கிறார் பைரவர். வரமாட்டான் என்று தெரிந்தே அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். சீராளன் வருகிறான், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற பிள்ளை மாதிரி. உள்ளே திரும்பிப் பார்த்தால் விருந்தாளியும் இல்லை, கறியும் இல்லை.

திருச்செங்காட்டங்குடி திருமருகல், திருப்புகலூர் பக்கம். கோயிலுக்குக் கணபதீச்சரம் என்று பெயர். சித்திரை பரணியில் அமுது படையல் விழா. பிள்ளை வரம் கேட்டு வருகிற தம்பதிகள் அன்றைக்கு அங்கே பிரசாதம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.